வானத்திலும் விலாசம் வேண்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரேஷன் அட்டை, வீட்டு வாடகை, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம், ஊருக்குப் போக ரயிலில் இடம் ஆகியவற்றைப் பற்றித்தான் இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். இன்று ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஒரு காலத்தில் விமானம் என்றால் அது மந்திரிகளுக்கும் முதலாளிகளுக்கும் உரிய வாகனம். இன்று அப்படியா? கொத்தனாரும், வெல்டரும், ஓட்டுநரும், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரும் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கிற காலம் இது. பிழைப்புக்காக ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் நாம். பிழைக்கப் போகிற வழியிலேயே உயிர் போகக் கூடாது என்று கேட்க நம்மைவிட உரிமை உடையவர் யார்?

தலைநகரத்துக்கு மேற்கே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில், அரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊர் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை வரை அந்த ஊரின் பெயரை உலகம் அறியாது. அன்று மாலை ஆறரை மணியளவில் டில்லியிலிருந்து சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானம் தஹ்ரானுக்குப் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், நேபாளிகளும் இருந்தார்கள். பலர் பாலைவன நாட்டில் கூலி வேலைக்குப் போன உழைப்பாளிகள். அதே நேரத்தில் கஜகஸ்தானின் சிம்கெண்ட் நகரிலிருந்து இல்யூஷின் 76 ரக விமானம் ஒன்று 37 பேரோடு டில்லியில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது.

ஏறுகிற விமானத்தை 14,000 அடிக்கு மேல் போகாதே என்று நிறுத்தியிருந்தார் கட்டுப்பாட்டாளர். இறங்குகிற விமானத்தை 15,000 அடிக்குக் கீழே வராதே என்று நிறுத்தியிருந்தார். எதிரே ஒரு சவூதி விமானம் வருகிறது, 14 மைல் தூரத்தில் வருகிறது, 14,000 அடியில் வருகிறது என்றும் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் அடி இடைவெளி இருக்க வேண்டும். ஆனால் இறங்கிய விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை, மேலும் இறங்கிவிட்டது. மணி 6.40. இரண்டும் வானத்தில் மோதின. ஒன்று பிவானி மாவட்டத்து வயலிலும் மற்றொன்று ரோத்தக் மாவட்டத்து வயலிலும் விழுந்தன. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகத்திலேயே அதிக உயிர்களைப் பலி கொண்டது இன்றுவரை இதுதான்.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கியது டில்லியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஏன் தெரியவில்லை? அவர் தூங்கினாரா? இல்லை. கடமையில் தவறினாரா? இல்லை. அவருக்கு முன்னால் இருந்த கருவி உயரத்தைக் காட்டுகிற கருவியே அல்ல!

அன்று டில்லியில் இருந்தது முதல்நிலை ராடார். அது என்ன செய்யும்? வானத்தில் அலையை அனுப்பும்; உலோகத்தில் பட்டு அது திரும்பி வரும்; திரையில் ஒரு புள்ளி தெரியும். எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று அந்தப் புள்ளி சொல்லும். அது யாருடைய விமானம், எத்தனை அடி உயரத்தில் பறக்கிறது என்று சொல்லாது. உயரத்தை விமானியே வானொலியில் சொல்ல வேண்டும். அவர் 15,000 என்று சொன்னால் 15,000தான். அவர் சொன்னதற்கும் இருந்ததற்கும் வேறுபாடு வந்தால், அதைக் கண்டுபிடிக்கக் கீழே இருப்பவருக்கு வழியே கிடையாது. இருட்டிலே எதிரெதிரே வருகிற இரண்டு மாட்டு வண்டிகளுக்குக்கூட விளக்குக் கட்டச் சொல்கிற நாடு நம் நாடு. முந்நூறு பேரை ஏற்றிய விமானம் தன் உயரத்தைத் தானே அறிவிக்கும் ஏற்பாடில்லாமல் தலைநகரத்தின் வாசலில் ஏறவும் இறங்கவும் செய்தது.

இதற்கு மாற்று அப்போது கண்டுபிடிக்கப்படவில்லையா? கண்டுபிடித்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் உலகப் போரிலேயே, வருவது நம் விமானமா பகைவன் விமானமா என்று அறிய இந்தக் கருவியின் முன்னோடியைச் செய்துவிட்டார்கள். அதன் சமாதான கால வடிவத்துக்குத்தான் டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். கேட்டால் பதில் சொல்லும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் இருக்கிற இரண்டாம் நிலை ராடார் 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் "யார் நீ?" என்று கேட்கும். விமானத்தில் இருக்கிற பெட்டி 1090 மெகாஹெர்ட்ஸில் தனக்குக் கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண்ணைச் சொல்லும். "எத்தனை அடி உயரம்?" என்று கேட்டால் உயரமானியைப் பார்த்து அதையும் சொல்லும். கடத்தப்பட்டால் 7500, வானொலி பழுதானால் 7600, வேறு ஆபத்து என்றால் 7700 என்று எண்ணை மாற்றி, வாய் திறக்காமலே அபயக் குரல் கொடுக்கலாம். திரையில் வெறும் புள்ளி இருந்த இடத்தில் பெயரும் உயரமும் எழுந்து நிற்கும். அஞ்சலுக்கு விலாசம் போல, வானத்தில் விமானத்துக்கு இது விலாசம்.

இந்த விலாசத்தைத் தரை மட்டும்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்தில் வருகிற விமானமே படிக்கலாம். மோதல் தவிர்ப்புக் கருவி என்று சொல்கிறார்களே, டீ-காஸ், அது செய்கிற வேலை அதுதான். எதிரே வருகிற விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். நெருங்கினால் முதலில் எச்சரிக்கை கொடுக்கும். இன்னும் நெருங்கினால் "ஏறு" என்றோ "இறங்கு" என்றோ கட்டளை கொடுக்கும். இரண்டு விமானங்களிலும் கருவி இருந்தால், அவை தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும். ஆனால் எதிரியிடம் டிரான்ஸ்பாண்டர் இல்லை என்றால் இந்தக் கருவிக்குக் கண் தெரியாது. ஆகவேதான், "சிலர் வைத்துக்கொள்ளட்டும், சிலர் வேண்டாம்" என்று இதை விருப்பத்துக்கு விட முடியாது. சாலையில் இடது பக்கம் போவதைப் போல, எல்லாரும் கடைப்பிடித்தால்தான் யாருக்கும் பயன்.

தோழர்களே, உலகத்தில் இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்தால், ஒவ்வொரு வரிக்கும் ஓர் இடுகாடு இருக்கிறது. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின்மீது இரண்டு பயணி விமானங்கள் மோதி 128 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1958இல், அந்நாட்டு வானத்தை ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரும் சட்டம் பிறந்தது. 1986 ஆகஸ்டு 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸில் மெக்சிகோ நாட்டுப் பயணி விமானம் ஒன்றோடு ஒரு சிறிய தனியார் விமானம் மோதியது. விமானங்களில் இருந்தவர்களும், கீழே வீடுகளில் இருந்தவர்களுமாக 82 பேர் இறந்தனர். அந்தச் சிறு விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. ஆனால் உயரத்தைச் சொல்லும் வகை அல்ல. பெயரைச் சொன்னது, உயரத்தைச் சொல்லவில்லை. பாதி விலாசம் எழுதிய கடிதம் எங்கே போய்ச் சேரும்? அதற்குப் பின்னரே, பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்கிற விமானங்கள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரோடுதான் பறக்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. முப்பது இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணி விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி வேண்டும் என்று 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1993 முடிவதற்குள் அது அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது.

1993க்கும் 1996க்கும் இடையே மூன்று ஆண்டுகள். அமெரிக்கப் பயணியின் உயிருக்குக் கட்டாயமான ஒரு கருவி, வளைகுடாவுக்குப் போகும் நம் கூலித் தொழிலாளியின் உயிருக்கு அந்த மூன்று ஆண்டுகளில் கட்டாயமாகவில்லை. டில்லியில் புதிய ராடார் அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது, பயனுக்கு வரவில்லை. கோப்பு நகர்கிற வேகம் நமக்குத் தெரியும். விமானம் பறக்கிற வேகம் அந்தக் கோப்புக்குத் தெரியாது.

டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ஆர்.சி. லகோட்டி அவர்களை அரசு விசாரணைக்கு நியமித்தது. கஜகஸ்தான் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்கு மூலகாரணம் என்றது விசாரணை. அந்த விமானக் குழுவினரின் ஆங்கில அறிவு போதாமல் இருந்தது. தரையோடு பேசும் பொறுப்பு தனி வானொலி இயக்குநரிடம் இருந்தது. அவருக்கு எதிரே உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். இந்த முடிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். மனிதன் தவறு செய்வான் என்பது தெரிந்த செய்திதானே? காது தவறாகக் கேட்கும், அந்நிய மொழி புரியாமல் போகும், களைப்பில் கண் எண்ணை மாற்றிப் படிக்கும். ஒருவர் செய்த பிழை 349 பேரின் சாவாக முடிவதற்கு முன்னால், அதைத் தடுத்து நிறுத்த இரண்டாவது கை ஒன்று இருந்திருக்க வேண்டாமா? அந்த இரண்டாவது கையைத்தான் சட்டம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தியையும் மறக்கக் கூடாது. டில்லியைச் சுற்றியிருந்த வானத்தின் பெரும்பகுதி அன்று விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய ஒடுங்கிய பாதையில்தான் வருகிற விமானமும் போகிற விமானமும் எதிரெதிரே செல்ல வேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு வரவுக்கு ஒரு பாதை, போக்குக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். உயரம் காட்டும் இரண்டாம் நிலை ராடார் செயலுக்கு வந்தது. இந்திய வானத்தில் வந்துபோகும் பயணி விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயம் என்று அரசு ஆணையிட்டது. செய்தது நல்லது, பாராட்டுகிறோம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003 ஜனவரி 1 முதல்தான் பெரிய விமானங்களுக்கு அதை உலகம் முழுதும் விதித்தது. அந்த வகையில் இந்தியா முந்திக்கொண்டது. ஆனால் முந்திக்கொள்ள 349 உயிர் விலை கொடுத்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, பெட்டியை மாட்டியாயிற்று, இனிக் கவலை இல்லை என்று வீட்டுக்குப் போய்விடலாமா? போக முடியாது. மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

2002 ஜூலை 1 இரவு. ஜெர்மனியின் உபர்லிங்கன் நகரின்மீது ரஷ்யப் பயணி விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் மோதி 71 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குப் போன பள்ளிப் பிள்ளைகள். இரண்டு விமானங்களிலும் கருவி இருந்தது. ரஷ்ய விமானத்தைக் கருவி "ஏறு" என்றது. தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர் "இறங்கு" என்றார். விமானி இறங்கினார், சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. அந்தக் கட்டுப்பாட்டாளர் அன்றிரவு தனி ஆளாக இரண்டு இடத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர்மீது ஏற்றினால் என்ன ஆகும் என்பது ஆலையில் வேலை செய்கிற நமக்குப் புதிதல்ல. கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்பதைச் சர்வதேச விதி ஐயமறத் தெளிவுபடுத்தியது இந்தக் குழந்தைகள் இறந்த பிறகுதான்.

2006 செப்டம்பர் 29. பிரேசில் நாட்டு அமேசான் காட்டின்மீது 37,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 737 விமானமும் ஒரு தனியார் ஜெட் விமானமும் உரசின. தனியார் ஜெட் தப்பித் தரையிறங்கியது. பயணி விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தனர். அந்த ஜெட்டில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் வேலை செய்யாத நிலையில் இருந்தது. பெட்டி ஊமையானதால் போயிங்கின் மோதல் தவிர்ப்புக் கருவிக்கும் அது தெரியவில்லை. தரையில் உயரம் திரையிலிருந்து மறைந்தபோது, அதைக் கவனித்து உடனே கேட்பாரும் இல்லை. பெட்டியை வைத்திருப்பது வேறு, அதைப் பேச வைத்திருப்பது வேறு.

2025 ஜனவரி 29. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், விமான நிலையத்தின் வாசலிலேயே, பயணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். தன் இருப்பிடத்தைத் தானே தொடர்ந்து அறிவிக்கும் புதிய முறை ஒன்று இப்போது வந்திருக்கிறது. அந்த அறிவிப்பை ராணுவ ஹெலிகாப்டர் அன்று செய்யவில்லை. செய்யாமலிருக்க ராணுவத்துக்குச் சலுகை இருந்தது. தரைக்கு மிக அருகில் மோதல் தவிர்ப்புக் கருவி ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. எனவே அதுவும் கைகொடுக்கவில்லை. உலகத்திலேயே செல்வம் கொழிக்கும் நாட்டின் தலைநகரத்தில் இது நடந்தது. பணம் இல்லாததா காரணம்? இல்லை. சிலருக்கு மட்டும் விதிவிலக்கு என்று கொடுத்ததும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது, உலகம் முழுவதும் ஒரே வழக்கம்தான். கடைசியாக யார் கையில் ஒலிவாங்கி இருந்ததோ அவர் கழுத்தில் கயிற்றை மாட்டுவது! 1976இல் யுகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தார்கள். எட்டுக் கட்டுப்பாட்டாளர்கள்மீது வழக்கு. ஒருவருக்கு மட்டும் ஏழாண்டுச் சிறை. ஆள் பற்றாக்குறையில் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த நிர்வாகத்துக்குத் தண்டனை இல்லை. உடன் உழைத்த கட்டுப்பாட்டாளர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தித்தான் 1978இல் அவர் விடுதலையானார். இதற்கு மாறாக, உபர்லிங்கன் வழக்கில் 2007இல் சுவிஸ் நீதிமன்றம் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. நியாயம் மெல்ல மெல்ல மேல்நோக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்குள், மகனையும் மகளையும் மனைவியையும் பறிகொடுத்த ஒரு தந்தையின் கையால் அந்தத் தனியாள் கட்டுப்பாட்டாளர் 2004இலேயே கொல்லப்பட்டுவிட்டார். இரு பக்கமும் கண்ணீர்தான்.

"இதற்கெல்லாம் செலவாகுமே, சிறிய நிறுவனங்கள் தாங்குமா, டிக்கெட் விலை ஏறுமே" என்று சிலர் வாதிடுவார்கள். பாதுகாப்பு என்று பேசினாலே ஏழையின் பெயரைச் சொல்லி மறுப்பது வாடிக்கை. ஒரு விமானத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிகிற நிறுவனத்துக்கு அதில் ஒரு பெட்டியை வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் முடியாதா? டிக்கெட்டின்மேல் எத்தனையோ கட்டணங்களை வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் உயிர்க் காப்புக்கு முதல் பங்கு கேட்பது பிச்சை அல்ல.

ஆகவே நமது கோரிக்கைகளை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, பயணி விமானம் பறக்கிற வானத்தில் பறக்கும் எதுவும், வாடகை விமானமாக இருந்தாலும், ஹெலிகாப்டராக இருந்தாலும், படையினுடையதாக இருந்தாலும், உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் இயங்கும் நிலையில்தான் பறக்க வேண்டும். நாட்டுப் பாதுகாப்புக்காக மறைந்து பறக்க வேண்டிய நேரம் படைக்கு உண்டு, அதை மதிக்கிறோம். அந்த நேரத்தில் அந்த வானத்தில் பயணிகளை அனுப்பாதீர்கள் என்கிறோம்.

இரண்டாவது, தரையில் உள்ள கருவிகளுக்கு மாற்று ஏற்பாடு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் டில்லி விமான நிலையத்தில் செய்திகளைப் பரிமாறும் தானியங்கி அமைப்பு பழுதுபட்டு, நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. பயணத் திட்டங்களைக் கையால் எழுதிச் சமாளித்தவர்கள் கட்டுப்பாட்டாளர்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அவர்களுடைய சாமர்த்தியத்தையே நம்பி நாடு பறக்க முடியாது.

மூன்றாவது, கட்டுப்பாட்டாளர்களின் எண்ணிக்கையும் ஓய்வு நேரமும் வேலையின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். களைத்த கண்ணுக்கு எந்தத் திரையும் உதவாது.

நான்காவது, மோதாமல் தப்பிய சம்பவங்களின் அறிக்கைகளை மக்கள் மொழிகளில் வெளியிட வேண்டும். தன் பிழையைத் தானே முன்வந்து சொல்லும் தொழிலாளி தண்டிக்கப்படக் கூடாது. சொல்லப்பட்ட பிழையிலிருந்துதான் பாடம் கிடைக்கும்; மறைக்கப்பட்ட பிழையிலிருந்து அடுத்த விபத்துதான் கிடைக்கும்.

இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி, இங்கே கையெழுத்திட்டு, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்தப் பகுதியில் வாக்குரிமை பெற்றிருப்பவர்கள் அந்த உறுப்பினரை நேரில் பார்த்துக் கேட்கவும் வேண்டும்.

சர்க்கி தாத்ரி வயல்களில் விழுந்தவர்களில் பலருடைய உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை. ஊரில் ரேஷன் அட்டையில் பெயர் இருந்தது, பாஸ்போர்ட்டில் பெயர் இருந்தது, வேலை ஒப்பந்தத்தில் பெயர் இருந்தது. கடைசியில் பெயரில்லாமல் மண்ணுக்குப் போனார்கள். பிழைப்புத் தேடிப் போன அந்த உழைப்பாளிகளுக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி, அடுத்த விமானத்தில் ஏறப் போகிறவருக்காக இன்றே குரல் கொடுப்பதுதான். கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள்.